சில்வர் வேற, வெள்ளி வேற

எங்க வீட்டுல "சில்வர் டம்ளரை எடுத்துட்டு வா"ன்னு சொன்னா எவர்சில்வர் டம்ளர்னு அர்த்தம். பரோட்டா பார்சலைச் சுத்தி வர்ற அலுமினியம் ஃபாயிலுக்கும் பேரு சில்வர் பேப்பர்தான். நான் எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். ரெண்டாவது படிக்கும்போது சில்வர் ரொம்ப விலை உயர்ந்த உலோகம்னு பாடத்துல வந்தது. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அம்மா, நம்ம வீட்டுல இருபது சில்வர் தட்டு இருக்கே, நாம பணக்காரங்களா?"ன்னு கேட்டேன். அம்மா சிரிச்சு முடிச்சிட்டு, "சில்வர் வேற, வெள்ளி வேற"ன்னு சொன்னாங்க.

இந்தக் கட்டுரை வெள்ளியைப் பத்தினது. வீட்டுலயே வெள்ளி நகையை எப்படி சுத்தம் பண்றது, எப்படி எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஹாஸ்டல்ல இருக்குற உங்கள்ல பாதிப் பேர் கால்ல கொலுசு இருக்கு, இல்லைன்னா கையில ஒரு வெள்ளிக் காப்பு இருக்கு. பசங்க சில பேர் இடுப்புல இன்னும் அரைஞாண் கொடி இருக்குன்னு எனக்குத் தெரியும். அதனால இது உங்களுக்கும் உதவும். ஆனா இதை நான் கத்துக்கிட்ட கதையையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். என் தமிழ்ல ல, ள, ழ இடம் மாறி இருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆசிரியர் குழு முடிஞ்ச வரைக்கும் திருத்திட்டாங்க.

போன வருஷம் அம்மாச்சி இறந்துட்டாங்க. அம்மாச்சின்னா அம்மாவோட அம்மா. திண்டுக்கல்ல, பேகம்பூர் பக்கம் அவங்க வீடு. இந்த வருஷம் முதல் வருஷத் திதிக்கு எல்லாரும் அங்க கூடினோம். பெரியம்மா, எங்க அம்மா, சித்தி, மூணு பேரும் அம்மாச்சியோட டிரங்குப் பெட்டியைத் திறந்தாங்க. அடியில ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள நியூஸ் பேப்பர்ல சுத்தின பொட்டலங்கள்.

ஒரு ஜோடி கொலுசு. ஒரு குங்குமச் சிமிழ். நாங்க எல்லாரும் பால் குடிச்ச பாலாடை. எந்தக் குழந்தைக்கோ போட்ட சின்ன அரைஞாண் கொடி. எல்லாமே கருப்பு. லேசான கருப்பு இல்லை, அடி பிடிச்ச பாத்திரம் மாதிரி. கடைசியா வேட்டித் துணியில ஒரு துண்டைக் கிழிச்சு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின ஒரு சின்ன முடிச்சு. அந்த ரப்பர் பேண்டு இளகி, துணியோட ஒட்டிப்போய் இருந்தது. உள்ள ரெண்டு மெட்டி.

தாத்தா நான் பிறக்குறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இறந்துட்டார். அதனால அம்மாச்சி கால்ல மெட்டியை நான் பார்த்ததே இல்லை. அவங்க அதைக் கழட்டி இப்படிக் கட்டி வச்சிருந்தாங்கன்னு அவங்க மூணு மகளுக்குமே அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

பெரியம்மா எல்லாத்தையும் புரட்டிப் பார்த்துட்டு, "இப்படிக் கருத்துப்போனதை யாரு போடப் போறா? வெள்ளி விலை ஏறியிருக்கு. கடையில போட்டுப் பணமா பிரிச்சுக்கலாம்"னு சொன்னாங்க. அதுல தப்பு இல்லை, அவங்க வீட்டுல செலவு இருக்கு. அம்மா எதுவும் சொல்லலை. சித்தி வழக்கம்போல அடுப்படிப் பக்கம் போயிட்டாங்க. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கலை. "பெரியம்மா, ஒரு நாள் குடுங்க. நான் சுத்தம் பண்ணிக் காட்டுறேன். அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னு சொல்லிட்டேன். "இன்ஜினியர் சொல்லிட்டா"ன்னு பெரியப்பா சிரிச்சார்.

இன்ஜினியர் முதல்ல பண்ணது பேஸ்ட் எடுத்துத் தேய்ச்சதுதான். நெட்ல நூறு வீடியோ அப்படித்தான் சொல்லுது. குங்குமச் சிமிழ் மூடியில பேஸ்ட்டைத் தடவி, பழைய பிரஷ்ஷால அழுத்தித் தேய்ச்சேன். கருப்பு போச்சு, பளபளன்னு ஆச்சு. ரொம்பப் பெருமையா போன் டார்ச்சை அடிச்சுப் பார்த்தேன். மூடி முழுக்க முடி மாதிரி மெல்லிசா கீறல்.

தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க. பேஸ்ட்லயும் பல்பொடியிலயும் பல்லைத் தேய்க்குறதுக்காகவே நுண்ணிய துகள்கள் இருக்கும். பல்லோட எனாமல் ரொம்பக் கடினமானது, தாங்கிக்கும். வெள்ளி மென்மையான உலோகம், தாங்காது. பாத்திரம் தேய்க்குற பவுடரும் ஸ்க்ரப்பரும் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கருப்போட கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்தே போகுது. பழைய கொலுசுல பூ வேலைப்பாடு மழுங்கிப்போய் இருக்குறதுக்குப் பாதிக் காரணம் கால் இல்லை, நம்ம கைதான். எங்க அம்மா விபூதி போட்டுத் தேய்ப்பாங்க. அதுவும் தேய்ப்புதான், ஆனா நல்லா சலிச்ச மெல்லிய விபூதியை மெத்துன்னு இருக்குற துணியில தொட்டு லேசா துடைச்சா பேஸ்ட் அளவுக்குக் கீறாது.

சரி, அந்தக் கருப்பு என்ன? துரு இல்லை. வெள்ளி சாதாரணமா காத்துல இருக்குற ஆக்ஸிஜனைக் கண்டுக்காது. அதுக்கு ஆகாதது சல்ஃபர், அதாவது கந்தகம். காத்துல ரொம்பக் கொஞ்சமா ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அது வெள்ளியோட சேர்ந்து சில்வர் சல்ஃபைடா மாறுது. அதான் அந்தக் கருப்புப் படலம். ஈரம் இருந்தா இன்னும் வேகமா நடக்கும். அம்மாச்சி வீட்டுக்குப் பக்கத்துல தோல் பதனிடுற இடங்கள் உண்டு. தோல்ல இருந்து முடியை எடுக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுத்துவாங்க. சின்ன வயசுல "அம்மாச்சி வீட்டு வாசம்"னு நான் மூக்கைப் பிடிச்ச வாசத்துல கந்தகம் இருந்திருக்கு. அந்த வெள்ளி அவ்வளவு கருத்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. நம்ம நகை முழுக்க வெள்ளி இல்லை. 925னு முத்திரை இருந்தா, 1000 பங்குல 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி வளைஞ்சுடும்னுதான் செம்பு சேர்க்குறாங்க. கடைக்காரங்க இந்தச் சுத்தத்தைத்தான் "டச்"னு சொல்வாங்க. செம்பு கூடுதலா இருந்தா சீக்கிரம் கருக்கும். ஆனா கருத்துப்போச்சுங்குறதுக்காக அது மட்டமான வெள்ளின்னு முடிவு பண்ணாதீங்க. நல்ல 925ம் கருக்கும்.

இதையெல்லாம் யோசிக்கும்போதுதான் முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி ஞாபகம் வந்தது. எலக்ட்ரோகெமிஸ்ட்ரி யூனிட். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் மதியமே மறந்த யூனிட். அதுல சொன்னது இதுதான்: அலுமினியம் எலக்ட்ரானை விட்டுக்குடுக்க எப்பவும் தயார். சில்வர் சல்ஃபைடுக்கு எலக்ட்ரான் கிடைச்சா அது சல்ஃபரை விட்டுட்டு மறுபடியும் வெள்ளியா மாறிடும். ரெண்டையும் தொட வச்சு, நடுவுல உப்புத்தண்ணி ஊத்தினா ஒரு ஷார்ட் ஆன பேட்டரி ரெடி. நான் இ.இ.இ., இந்த ஷார்ட் சர்க்யூட்டை மட்டும் எனக்குப் பிடிச்சிருந்தது.

செய்முறை இதோ, எழுதி வச்சுக்கோங்க. ஒரு கண்ணாடி இல்லைன்னா பீங்கான் கிண்ணத்தோட உள்பக்கம் முழுக்க அலுமினியம் ஃபாயிலை விரிங்க. பளபளப்பான பக்கம் மேல. நகையை ஃபாயில் மேல படுற மாதிரி வைங்க. தொடலைன்னா வேலை நடக்காது. ஒரு லிட்டர் கொதிச்ச தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு டீஸ்பூன் கல்லுப்புங்குற கணக்குல கலந்து மெதுவா ஊத்துங்க. சோடா போட்டதும் பொங்கும், கை பத்திரம். ரெண்டு, மூணு நிமிஷம் விட்டு, திருப்பிப் போட்டு, இன்னும் ரெண்டு நிமிஷம். கருப்பு மீதி இருந்தா புதுத் தண்ணியில மறுபடியும் ஒரு தடவை. வெளிய எடுத்து நல்ல தண்ணியில அலசி, மெத்துன்னு இருக்குற துணியில ஒத்தி எடுத்து, கண்ணிக்கு நடுவுல இருக்குற ஈரமும் போற வரைக்கும் ஃபேன் காத்துல காய விடுங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க. ஏன்னு சொல்றேன்.

கொலுசைப் போட்ட ஒரு நிமிஷத்துல கருப்பு விலக ஆரம்பிச்சது. கூடவே அழுகின முட்டை வாசம். வெளியேறுற சல்ஃபர், ஹைட்ரஜன் சல்ஃபைடா வர்ற வாசம் அது. கொஞ்சமாதான் வரும், ஆனா மூக்குக்குத் தப்பாது. அன்னைக்கு வீட்டுல திதி. வெங்காயம் பூண்டு கூட சேர்க்காத சமையல். பெரியம்மா அடுப்படியில இருந்து, "யாருடி இன்னைக்குப் போய் முட்டையை உடைச்சது?"ன்னு கத்தினாங்க. நான் கிண்ணத்தோட மாடிக்கு ஓடினேன்.

மாடியில உட்கார்ந்து கொலுசை எடுத்துத் துடைச்சப்போ ஒரு விஷயம் புரிஞ்சது. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா கருப்பாகிப்போன வெள்ளி நிரந்தரமா போயிடுது. இந்த முறையில அது நகைக்கே திரும்பி வருது. எடை குறையுறதில்லை. அந்தக் கொலுசுல சின்னச் சின்ன மாங்காய் வடிவம் வரிசையா இருந்தது. காலையில அது எங்க யாருக்கும் தெரியலை.

அந்த வெற்றியில தலை கால் புரியாம நான் பண்ண ரெண்டாவது தப்பையும் சொல்லிடுறேன். என் பிறந்தநாளுக்கு என் ரூம்மேட்ஸ் மூணு பேரும் காசு சேர்த்து ஒரு ஆக்ஸிடைஸ்டு வெள்ளி ஜிமிக்கி வாங்கிக் குடுத்தாங்க. "இதையும் ஒரு முக்கு முக்குவோம்"னு அதையும் கிண்ணத்துல போட்டேன். ஆக்ஸிடைஸ்டுன்னு பேருதானே தவிர, அந்தக் கருப்பும் பெரும்பாலும் சில்வர் சல்ஃபைடுதான். வேலைப்பாடு எடுத்துத் தெரியணும்னு வேணும்னே பள்ளத்துல ஏத்துறது. அஞ்சு நிமிஷத்துல எல்லாம் போய், மொட்டையா ஒரு வெள்ளை ஜிமிக்கி வெளிய வந்தது. ரூம்மேட்ஸ் இதைப் படிக்குறாங்க. சாரி டீ.

அதனால இதை எல்லாம் முக்காதீங்க: ஆக்ஸிடைஸ்டு நகை, கல் ஒட்டின நகை, முத்து, பவளம், எனாமல் பூசினது, உள்ள கூடா இருக்குறது, வெள்ளி முலாம் பூசினதுன்னு சந்தேகம் வர்றது. சுடுதண்ணியில பசை விட்டுடும், முத்து கெட்டுடும், கூடான நகைக்குள்ள போன தண்ணி வெளிய வராது. இதுக்கெல்லாம் வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு, ரெண்டு சொட்டு மைல்டு ஷாம்பூ விட்டு, பிழிஞ்சு துடைச்சா போதும். கல் இல்லாத தினசரி கொலுசுக்குப் பூந்திக்கொட்டை ஊறவச்ச தண்ணி அருமையா இருக்கும், குழந்தைங்க பிரஷ்ஷால லேசா தேய்க்கணும். ஆனா பூந்திக்கொட்டை எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும்தான் எடுக்கும், சல்ஃபைடு கருப்பை எடுக்காது. புளி பித்தளைக்கும் செம்புக்கும் சரி. வெள்ளிக் கருப்புக்கு அது அவ்வளவா கேட்காது.

சாயங்காலம் எல்லாத்தையும் ஒரு தாம்பாளத்துல வச்சு ஹாலுக்குக் கொண்டு போனேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. பெரியம்மாதான் முதல்ல கொலுசை எடுத்து, "இது நான் வயசுக்கு வந்தப்போ வாங்கினது"ன்னு சொன்னாங்க. விக்குற பேச்சு அதுக்கப்புறம் வரலை. கொலுசு பெரியம்மாவுக்கு. பாலாடையும் அரைஞாண் கொடியும் எங்க அம்மாவுக்கு. கீறின மூடியோட குங்குமச் சிமிழ் சித்திக்குன்னு பெரியம்மா எடுத்து வச்சுட்டு, பாதியிலயே கையை நிறுத்திட்டாங்க.

சித்தப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆகுது. சித்திக்கு இப்போ 41 வயசு. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பார்க்குறாங்க, பையன் எட்டாவது படிக்குறான். குங்குமச் சிமிழை அவங்களுக்கு எப்படிக் குடுக்குறதுன்னு பெரியம்மா தயங்கினது எல்லாருக்கும் புரிஞ்சது, சித்திக்கும்தான். தாம்பாளத்துல மீதி இருந்தது மெட்டி மட்டும். அதை நான் இன்னும் சுத்தம் பண்ணலை. என்னமோ கேட்காம தொடத் தோணலை.

"மெட்டியைக் கோயில் உண்டியல்ல போட்டுடலாம்"னு பெரியம்மா சொன்னாங்க.

"அதை எனக்குக் குடுக்கா"ன்னு சித்தி சொன்னாங்க.

"நீ அதை வச்சு என்னடி பண்ணப் போற?"

பெரியம்மா கோபமா கேட்கலை. ஆனா கேட்டுட்டாங்க. சித்தி தரையைப் பார்த்துக்கிட்டே, "வச்சுக்குறேன். அம்மாவும் வச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கு"ன்னு சொன்னாங்க.

அதுக்குப் பதில் யார்கிட்டயும் இல்லை. எங்க அம்மா எழுந்து தாம்பாளத்தை அப்படியே சித்தி பக்கம் நகர்த்தி வச்சாங்க, சிமிழையும் சேர்த்து.

ராத்திரி சித்தி மாடிக்கு வந்து, மெட்டியையும் சுத்தம் பண்ணித் தரச் சொன்னாங்க. மறுபடியும் தண்ணி கொதிக்க வச்சேன். ரெண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். மெட்டி வெளுத்து வந்ததும் ஒண்ணு தெரிஞ்சது. அடிப்பக்கம் மட்டும் தேய்ஞ்சு தகடு மாதிரி மெலிஞ்சிருந்தது. தரையில நடந்து நடந்து தேய்ஞ்சது. இது எந்த ரசாயனத்துலயும் திரும்பி வராது. சித்தி அந்த மெலிஞ்ச இடத்தை விரலால தடவிப் பார்த்தாங்க. ஒரு பக்கம் ஒரு கருப்புக் கோடு மட்டும் முழுசா போகலை. அது ரப்பர் பேண்டு இருந்த இடம். ரப்பரை கெட்டிப்படுத்த கந்தகம் சேர்ப்பாங்க. அந்த ரப்பர் பேண்டு இருபது வருஷத்துக்கு மேல துணி வழியா மெட்டியைக் கருக்கிக்கிட்டே இருந்திருக்கு. பத்திரமா இருக்கணும்னு அம்மாச்சி போட்ட கட்டு அது.

அதனால சித்திக்கு எப்படிப் பொதிஞ்சு குடுத்தேனோ அதையே உங்களுக்கும் சொல்றேன். வெள்ளிப் பக்கத்துல ரப்பர் பேண்டு வேண்டாம், கம்பளித் துணி வேண்டாம், நியூஸ் பேப்பர் வேண்டாம். நல்லா துவைச்ச பழைய பருத்தித் துணி போதும். நகை முழுசா காய்ஞ்ச பிறகு துணியில சுத்தி, ஜிப் லாக் கவர்ல போட்டு, காத்தை அழுத்தி வெளியேத்திட்டு மூடுங்க. உள்ள ஒரு துண்டு சாக்பீஸோ, ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோ போடுங்க, ஈரத்தை இழுத்துக்கும். ஒரு கவர்ல ஒரு நகைதான். ரெண்டு சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு கீறும். கொலுசா இருந்தா கொக்கியை மாட்டியே வைங்க, சிக்காது. பாத்ரூம் ஷெல்ஃப்ல மட்டும் வைக்காதீங்க, அங்க எப்பவும் ஈரம். பெர்ஃப்யூம், லோஷன் எல்லாம் போட்டு முடிச்சுட்டு, கடைசியா நகை. நீச்சல்குளம், ப்ளீச்சிங் பவுடர் வேலை இருந்தா முன்னாடியே கழட்டிடுங்க, குளோரின் வெள்ளிக்கு ஆகாது.

எல்லாத்தையும் கேட்டுட்டு சித்தி, "இவ்வளவு பண்ணாலும் கருக்குமா?"ன்னு கேட்டாங்க.

"மெதுவா கருக்கும் சித்தி. எடுத்து வைக்குறதை விட தினமும் போட்டுக்குறது நல்லது. தோல்லயும் துணியிலயும் உரசிக்கிட்டே இருக்குறதால கருப்பு சேராது. போடுற வெள்ளி அவ்வளவு சீக்கிரம் கருக்காது."

நான் கெமிஸ்ட்ரிதான் சொன்னேன். சொல்லி முடிச்ச பிறகுதான் யார்கிட்ட சொல்றேன்னு உறைச்சது. சித்தி ஒண்ணும் சொல்லலை. கவரை வாங்கி ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க. எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை.

ரெண்டு மாசம் கழிச்சு, நான் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு பி.பி.டி. பண்ணிக்கிட்டு இருந்தப்போ சித்தி போன் பண்ணாங்க. சாப்பிட்டியா, பிளேஸ்மென்ட் என்னாச்சுன்னு எல்லாம் கேட்டுட்டு, வைக்கப் போற நேரத்துல, "வீட்டுக்குள்ள இருக்கும்போது போட்டுக்குறேன்டீ. வெளிய போறப்ப கழட்டி அந்த கவர்ல வச்சுடுறேன். அது போதுமா, கருக்காதுல்ல?"ன்னு கேட்டாங்க.

"கருக்காது சித்தி. கழட்டினதும் துடைச்சு வைங்க, அது போதும்"னு சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியலை.

இதை எழுதலாமான்னு சித்திகிட்ட கேட்டேன். "எழுது எழுது, உங்க பெரியம்மா என்ன இ-மேகஸினா படிக்கப் போகுது?"ன்னு சிரிச்சாங்க.

இந்த செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ பீரோவுல கருத்துக் கிடக்குற பொட்டலம் ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க. அது யாரோடதுன்னு முதல்ல கேளுங்க. தண்ணி அப்புறம் கொதிக்க வைக்கலாம்.